ஒரே தேதி, ஒரே நாளா? வாசகர் கேள்வி–பதில்

"வரலாற்றில் இதே நாள்" என்று காலையில் வாட்ஸப்பில் வந்து விழும் பட்டியல்கள் கிளப்பிவிட்ட சந்தேகங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸும் 1616 ஏப்ரல் 23 அன்று ஒரே நாளில் இறந்தார்கள் என்று பள்ளிச் சுவர்ப் பத்திரிகையில் எழுதினோம். தலைமையாசிரியர் அது தவறு என்கிறார். யார் சொல்வது சரி? (பள்ளி ஆசிரியை ஒருவர்)

பதில்: தலைமையாசிரியர்தான். ஸ்பெயின் 1582-லேயே கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. அந்த ஆண்டு அங்கே அக்டோபர் 4 வியாழக்கிழமைக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தோ 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியை விடவில்லை. ஆகவே ஷேக்ஸ்பியர் ஏப்ரல் 23 அன்று கண்ணை மூடியபோது ஸ்பெயினில் மே 3 ஆகியிருந்தது. போதாததற்கு, செர்வாண்டிஸ் இறந்தது ஏப்ரல் 22. 23 என்பது அடக்கம் பதிவான தேதி. இருவருக்கும் இடையே 11 நாள் ஓடிவிட்டது. யுனெஸ்கோ 1995-ல் ஏப்ரல் 23-ஐ உலகப் புத்தக நாளாக அறிவித்ததில் குற்றம் ஒன்றும் இல்லை. சுவர்ப் பத்திரிகையில் "ஒரே நாளில்" என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள்.

இதைவிடப் பரவலான பிழை ஒன்று அறிவியல் வகுப்புகளில் உலவுகிறது: "கலிலியோ இறந்த 1642-ல்தான் நியூட்டன் பிறந்தார்." கலிலியோவின் 1642 ஜனவரி 8 இத்தாலியின் புதிய நாட்காட்டித் தேதி. நியூட்டனின் 1642 டிசம்பர் 25 இங்கிலாந்தின் பழைய நாட்காட்டித் தேதி. இரண்டையும் புதியதில் வைத்தால் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4. இரண்டையும் பழையதில் வைத்தால் கலிலியோ இறந்தது 1641 டிசம்பர் 29. எப்படி வைத்தாலும் ஆண்டு ஒன்றாகாது. ஆளுக்கொரு நாட்காட்டி என்று கலந்தால்தான் அந்த அதிசயம் கிடைக்கும்.

கேள்வி: பழைய தேதியைப் புதிய தேதியாக மாற்ற எத்தனை நாள் கூட்ட வேண்டும்? ஒருவர் பத்து என்கிறார், இன்னொருவர் பதின்மூன்று என்கிறார். (ஓய்வுபெற்ற நூலகர்)

பதில்: இருவர் சொல்வதும் சரி, காலம்தான் வேறு. 1582 அக்டோபரிலிருந்து 1700 பிப்ரவரி வரை 10 நாள். 1700 மார்ச்சிலிருந்து 11, 1800 மார்ச்சிலிருந்து 12, 1900 மார்ச்சிலிருந்து 13. இந்த 13 என்ற கணக்கு 2100 பிப்ரவரி வரை செல்லும். 100-ஆல் வகுபட்டு 400-ஆல் வகுபடாத ஆண்டுகள் ஜூலியனில் லீப் ஆண்டு, கிரிகோரியனில் அப்படியல்ல. அதனால்தான் 1700, 1800, 1900 ஒவ்வொன்றிலும் இடைவெளி ஒரு நாள் கூடியது. 1600-லும் 2000-லும் கூடவில்லை.

ரஷ்யாவில் 1918 ஜனவரி 31-க்கு மறுநாள் பிப்ரவரி 14. அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபர் 25 அன்று நடந்த புரட்சிக்கு 13-ஐக் கூட்டினால் நவம்பர் 7. "அக்டோபர் புரட்சி" விழாவை சோவியத் நாடு நவம்பரில் கொண்டாடிய கதை இதுதான்.

கூட்டல் எளிது. சறுக்குவது வேறு இடங்களில். முதலாவது, ஏற்கெனவே மாற்றப்பட்ட தேதியை மறுபடி மாற்றுவது: நவம்பர் 7-ஐப் பார்த்துவிட்டு இன்னொரு 13-ஐக் கூட்டி நவம்பர் 20 என்று போட்ட பட்டியல்களும் உண்டு. இரண்டாவது, 1582-க்கு முந்தைய தேதிகளை மாற்றுவது. வரலாற்று நூல்கள் அவற்றை ஜூலியனிலேயே விட்டுவிடும். கொலம்பஸ் கரை கண்ட 1492 அக்டோபர் 12, கான்ஸ்டான்டினோபிள் வீழ்ந்த 1453 மே 29 எல்லாம் அப்படியே இருக்கட்டும்.

மூன்றாவதுதான் பெரிய பள்ளம். 1752-க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25-ல்தான் தொடங்கியது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் 24 வரை முந்தைய ஆண்டின் எண்ணே ஓடும். ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்த தேதி அன்றைய கணக்கில் 1731 பிப்ரவரி 11, இன்றைய கணக்கில் 1732 பிப்ரவரி 22. நாளை மட்டும் மாற்றினால் ஓராண்டு பிசகும். முதலாம் சார்லஸ் மன்னரின் தலை வெட்டப்பட்டது அன்றைய ஏடுகளில் 1648 ஜனவரி 30. இன்றைய நூல்கள் 1649 ஜனவரி 30 என்று ஆண்டைத் திருத்திவிட்டு நாளைத் திருத்தாமல் விடுகின்றன. முழுதாக மாற்றினால் 1649 பிப்ரவரி 9. இட்லர் ஜெர்மனியின் பிரதமரான 1933, காந்தி சுடப்பட்ட 1948 ஆகியவற்றோடு சார்லஸையும் சேர்த்து "ஜனவரி 30-ன் ரத்தக் கறை" என்று எழுதுகிறவர்கள் இந்தப் பாதித் திருத்தத்தைக் கவனிப்பதில்லை.

கேள்வி: டார்வின், லிங்கன் இருவரும் 1809 பிப்ரவரி 12. இதிலும் நாட்காட்டிக் குழப்பம் உண்டா?

பதில்: இல்லை. பிரிட்டனும் அதன் அமெரிக்கக் குடியேற்றங்களும் 1752-லேயே மாறிவிட்டன. ஒருவர் ஷ்ரூஸ்பரியில், மற்றவர் கென்டக்கியில், ஒரே ஞாயிற்றுக்கிழமை. அசல் ஒற்றுமை.

கேள்வி: ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தது ஜூலை 20-ஆ, 21-ஆ? போட்டித் தேர்வு நூல்களில் இரண்டும் இருக்கின்றன. (போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்)

பதில்: கலம் இறங்கியது சர்வதேச நேரப்படி 1969 ஜூலை 20 இரவு 8.17. அவர் கால் பதித்தது ஜூலை 21 அதிகாலை 2.56. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அப்போது ஜூலை 20 இரவு 10.56 என்பதால் அந்நாட்டு நூல்கள் இரண்டையும் 20 என்றே எழுதின. உலகம் அதையே எடுத்துக்கொண்டது. இந்திய நேரப்படி இரண்டுமே 21-ஆம் தேதி: இறங்கியது நள்ளிரவு தாண்டி 1.47-க்கு, கால் வைத்தது காலை 8.26-க்கு. தேர்வில் "இறங்கியது" என்றால் 20 என்று எழுதுங்கள். "கால் வைத்தது" என்றால் எந்த நேரப்படி என்பதைச் சேர்த்தே எழுதுங்கள். கொள்குறி வினாவில் அதற்கு இடமில்லையே என்றால், பிழை வினாவினுடையது.

பூமியில் நடக்கும் நிகழ்வுகளுக்கு, நடந்த ஊரின் நேரமே கணக்கு. ஆனால் இரண்டு ஊர்களை "ஒரே நாள்" என்று கோக்கும்போது அந்த விதி காலை வாரும். 1963 நவம்பர் 22 அன்று அமெரிக்க அதிபர் கென்னடி, எழுத்தாளர்கள் ஆல்டஸ் ஹக்ஸ்லி, சி. எஸ். லூயிஸ் மூவரும் இறந்தார்கள் என்பது புகழ்பெற்ற மும்மை. அவரவர் ஊர் நேரப்படி உண்மைதான். சர்வதேச நேரப்படி லூயிஸ் இறந்தது மாலை 5.30 அளவில். கென்னடி மீது குண்டு பாய்ந்தது 6.30-க்கு. லாஸ் ஏஞ்சலஸில் மாலை ஐந்து மணிக்கு மேல் ஹக்ஸ்லி இறந்தபோது சர்வதேசக் கடிகாரம் 23-ஆம் தேதிக்குள் போயாகிவிட்டது. இந்தியக் கடிகாரத்தில் 22-ஆம் தேதி லூயிஸுக்கு மட்டுமே உரியது. டல்லாஸில் துப்பாக்கி வெடித்த 12.30 இங்கே சரியாக நள்ளிரவு 12.

தலைகீழாகவும் நடக்கும். ஹவாயில் பேர்ள் ஹார்பர் மீது ஜப்பானின் தாக்குதல் 1941 டிசம்பர் 7, மலாயாவின் கோத்தபாருவில் ஜப்பானியப் படையின் தரையிறக்கம் டிசம்பர் 8. தேதியைப் பார்த்தால் கோத்தபாரு மறுநாள் நடந்ததுபோல் தெரியும். உண்மையில் பேர்ள் ஹார்பரில் முதல் குண்டு விழுவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்பே கோத்தபாருவில் சண்டை தொடங்கிவிட்டது. இடையில் இருந்தது சர்வதேசத் தேதிக்கோடு. ஜெர்மனி சரணடைந்ததை மேற்கு நாடுகள் 1945 மே 8 என்றும் ரஷ்யா மே 9 என்றும் கொண்டாடுவதும் இந்த வகைதான்: பெர்லினில் நள்ளிரவுக்கு முன் கையெழுத்தானபோது மாஸ்கோவில் நள்ளிரவு கடந்திருந்தது.

கேள்வி: பாரதியார் நினைவு நாள் செப்டம்பர் 11-ஆ, 12-ஆ?

பதில்: 1921 செப்டம்பர் 11 இரவு, நள்ளிரவு தாண்டிய பிறகே அவர் உயிர் பிரிந்தது. கடிகாரப்படி அது 12. தமிழ்நாடு அரசு செப்டம்பர் 11-ஐ மகாகவி நாளாக 2021-ல் அறிவித்தது. "பதினோராம் தேதி ராத்திரி" என்று பேச்சில் சொல்வது விடியும்வரை நீளும். பதிவேட்டில் 12 மணியோடு தேதி மாறிவிடும். நள்ளிரவுக்குப் பிந்தைய மரணங்கள் எல்லாவற்றிலும் இந்த இரட்டைத் தேதியை எதிர்பார்க்கலாம். விவேகானந்தரின் சிகாகோ உரை (1893), ஜோகன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டரில் காந்தி தலைமையில் எடுக்கப்பட்ட சத்தியாக்கிரக உறுதிமொழி (1906), சிலி ராணுவப் புரட்சி (1973), நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதல் (2001) ஆகியவற்றோடு "செப்டம்பர் 11" பட்டியலில் பாரதியையும் சேர்ப்பவர்கள், அங்கே ஒரு சிறு குறிப்புப் போட்டுவிடுவது நல்லது.

கேள்வி: அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவன்று, 1826 ஜூலை 4-ல், ஜான் ஆடம்ஸ், தாமஸ் ஜெஃபர்சன் இருவரும் இறந்தது தற்செயல் என்று நம்ப முடியவில்லையே? (கல்லூரி மாணவி)

பதில்: நடந்தது உண்மை. ஜெஃபர்சன் நண்பகலுக்குச் சற்றுப் பின் மான்டிசெல்லோவில்; ஆடம்ஸ் மாலையில் குவின்சியில். 1831 ஜூலை 4 அன்று ஜேம்ஸ் மன்றோவும் போனார். முதல் ஐந்து அதிபர்களில் மூவர்! ஜெஃபர்சனுக்கு வயது 83, ஆடம்ஸுக்கு 90. அந்த விழாவைக் கண்டுவிட வேண்டும் என்ற வைராக்கியம் உயிரைப் பிடித்துவைத்திருக்கலாம் என்பார்கள். அதை அளக்க வழியில்லை. நான்காம் அதிபர் மாடிசன் 1836 ஜூன் 28-ல் இறந்தார். ஆறே நாளில் தவறிய அவரை எந்தப் பட்டியலும் சேர்ப்பதில்லை.

இத்தகைய ஒற்றுமைகளை எடைபோட ஒரு கணக்கு உண்டு. ஒரு அறையில் 23 பேர் இருந்தால் அவர்களில் யாரோ இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு 50 சதவீதத்தைத் தாண்டுகிறது. 23 பேரிடையே 253 ஜோடிகள் இருப்பதே காரணம். 57 பேர் என்றால் 99 சதவீதம். அதாவது "இந்த இருவர், இந்தத் தேதியில்" என்பது அரிது. "யாரோ இருவர், ஏதோ ஒரு தேதியில்" என்பது சாதாரணம். அதே அதிபர்களின் வரிசையில் போல்க், ஹார்டிங் இருவரும் நவம்பர் 2-ல் பிறந்தவர்கள். ஃபில்மோர், டாஃப்ட் மார்ச் 8-ல் இறந்தவர்கள். ட்ரூமன், ஃபோர்ட் டிசம்பர் 26-ல். இதையெல்லாம் பார்த்து யாரும் மலைப்பதில்லை, அந்தத் தேதிகளுக்குப் பின்னால் விழா இல்லாததால்.

அந்த ஜூலை 4-ம் கொஞ்சம் நெகிழ்வானதுதான். விடுதலைத் தீர்மானம் நிறைவேறியது 1776 ஜூலை 2. பிரகடனத்தின் வாசகம் ஏற்கப்பட்டது 4. பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. வருங்காலம் ஜூலை 2-ஐக் கொண்டாடும் என்று மனைவிக்கு எழுதியவர் வேறு யாருமல்ல, ஆடம்ஸேதான். தீர்மானம், கையெழுத்து, அறிவிப்பு, நடைமுறை என்று ஒரே நிகழ்வுக்கு நான்கு தேதிகள் இருந்தால், வேண்டிய ஒற்றுமைக்கு ஏற்றதைப் பொறுக்கிக்கொள்ள முடியும். பட்டியல் போடுகிறவர்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறார்கள்.

கேள்வி: ஜெர்மனியின் வரலாற்றில் நவம்பர் 9 திரும்பத் திரும்ப வருகிறது. இதுவும் வெறும் நிகழ்தகவுதானா?

பதில்: முழுக்க அல்ல. ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும். 1918 நவம்பர் 9: கைசர் அரசு விழுந்து குடியரசு அறிவிக்கப்பட்டது. 1923: முனிச்சில் முந்தின இரவு இட்லர் தொடங்கிய கலகம் 9-ஆம் தேதி துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. 1938: யூதர்களின் வழிபாட்டுத் தலங்களும் கடைகளும் நொறுக்கப்பட்ட இரவு. 1923-க்கும் 1938-க்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1923 கலகத்தில் செத்தவர்களுக்கு நாஜித் தலைவர்கள் ஆண்டுதோறும் அதே நாளில் முனிச்சில் கூடி நினைவு நாள் நடத்தினார்கள். பாரிஸில் சுடப்பட்டிருந்த ஜெர்மன் தூதரக அதிகாரி இறந்த செய்தி, 1938-ல் அப்படிக் கூடியிருந்தபோது வந்தது. பிரசார அமைச்சர் கோயபல்ஸ் அங்கேயே பேசினார். கூடியிருந்தவர்கள் தத்தம் ஊர்களுக்கு உத்தரவு அனுப்பினார்கள். தேதி ஒன்றானதற்குக் காரணம், ஆட்கள் ஒரே இடத்தில் இருந்தது.

1989-ல் பெர்லின் சுவர் திறந்ததோ வேறு கதை. புதிய பயண விதி மறுநாள், 10-ஆம் தேதி, வெளியாக வேண்டியது. மாலைச் செய்தியாளர் கூட்டத்தில் கிழக்கு ஜெர்மனியின் ஆளுங்கட்சித் தலைவர்களில் ஒருவரான ஷபோவ்ஸ்கி கையிலிருந்த தாளைப் படித்தார். எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு, "உடனடியாக" என்று சொல்லிவிட்டார். இரவே ஜனங்கள் எல்லை வாயில்களில் திரண்டார்கள். அவர் தாளைச் சரியாகப் படித்திருந்தால் நவம்பர் 9 பட்டியலில் சுவர் இடம்பெற்றிருக்காது. 1938-ன் நிழல் படிந்த தேதி என்பதால், ஒருங்கிணைந்த ஜெர்மனி தன் தேசிய நாளாக அக்டோபர் 3-ஐ எடுத்துக்கொண்டது.

திட்டமிட்டே ஒன்றாக்கப்பட்ட தேதிகளும் இருக்கின்றன. ஜப்பான் பணிந்ததன் இரண்டாம் ஆண்டு நிறைவு என்பதால் மவுண்ட்பேட்டன் 1947 ஆகஸ்ட் 15-ஐத் தேர்ந்தார். ஜப்பான் பணிந்த அதே நாளை கொரியா விடுதலை நாளாகக் கொண்டாடுகிறது. தென்கொரியக் குடியரசு 1948-ல் அதே தேதியில் அறிவிக்கப்பட்டது. இந்திய அரசியலமைப்பு 1949 நவம்பர் 26-ல் ஏற்கப்பட்டும், 1930-ன் பூரண சுயராஜ்ய நாளோடு பொருந்துவதற்காக முழுமையாக நடைமுறைக்கு வர 1950 ஜனவரி 26 வரை காத்திருந்தது. ஆனால் நெப்போலியன் 1769 ஆகஸ்ட் 15-ல் பிறந்ததும் பனாமா கால்வாய் 1914 ஆகஸ்ட் 15-ல் திறந்ததும் இதில் ஒட்டாத சங்கதிகள்.

கேள்வி: 26-ஆம் தேதி என்றாலே பேரழிவு என்று ஒரு பட்டியல் சுற்றுகிறது. பூஜ் நிலநடுக்கம், பாம் நிலநடுக்கம், சுனாமி... (இல்லத்தரசி ஒருவர்)

பதில்: பூஜ் 2001 ஜனவரி 26, ஈரானின் பாம் 2003 டிசம்பர் 26, சுனாமி 2004 டிசம்பர் 26. எல்லாம் உண்மை. ஆனால் ஆண்டுக்குப் பன்னிரண்டு 26-ஆம் தேதிகள் வருகின்றன. எந்த மாதம் என்பதைத் தளர்த்தியவுடனே வலை பன்னிரண்டு மடங்கு பெரிதாகிவிட்டது. 25-க்கும் 27-க்கும் இப்படி யாரும் தேடிப் பார்ப்பதில்லை.

கடினமான உதாரணம் மெக்சிகோ. 1985, 2017, 2022 மூன்று ஆண்டுகளிலும் செப்டம்பர் 19 அன்றே பெரிய நிலநடுக்கம். முதல் பேரழிவின் நினைவாக அந்த நாளில் தேசிய ஒத்திகை நடக்கும். 2017-ல் ஒத்திகை முடிந்து சுமார் இரண்டு மணி நேரத்தில், 2022-ல் ஒரு மணி நேரத்துக்குள், நிஜமாகவே ஆடியது. சர்வதேச நேரத்துக்கு மாற்றினாலும் மூன்றும் 19-லேயே நிற்கின்றன. குறிப்பிட்ட இரு நடுக்கங்கள் முதலாவதன் தேதியிலேயே விழும் வாய்ப்பு, 365-ஐ 365-ஆல் பெருக்கினால் வரும் 1,33,225-ல் ஒன்று. ஆனால் அப்பகுதியில் நிலம் அடிக்கடி ஆடும். வேறு ஏதேனும் தேதியில், வேறு ஏதேனும் நாட்டில் நடந்திருந்தாலும் இதே வியப்புதான் எழுந்திருக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நிலத்தட்டுக்கு நாட்காட்டி தெரியாது.

கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் (1994 ஜனவரி 17), ஜப்பானின் கோபே (1995 ஜனவரி 17) ஜோடியோ சோதித்தவுடன் உதிர்ந்துவிடும். கோபேயில் ஆடியது அதிகாலை 5.46. சர்வதேச நேரப்படி அது ஜனவரி 16 இரவு 8.46. கலிபோர்னியாவிலேயே அப்போது 16-ஆம் தேதி நண்பகல்தான்.

கேள்வி: பிப்ரவரி 29-ல் சொல்லிக்கொள்ளும்படி ஏதாவது உண்டா?

பதில்: மொரார்ஜி தேசாய் பிறந்தது 1896 பிப்ரவரி 29. 1900 லீப் ஆண்டு அல்ல என்பதால் அவருடைய முதல் அசல் பிறந்தநாள் எட்டு வயதில், 1904-ல்தான் வந்தது. அன்றுதான் ருக்மிணி தேவி அருண்டேல் பிறந்தார். பின்னாளில், 1977-ல், அவரைக் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நிறுத்த முன்வந்தவர் பிரதமர் மொரார்ஜி. ருக்மிணி தேவி மறுத்துவிட்டார்.

கேள்வி: எங்கள் நூலகத்துக்கு 366 நாளுக்கும் நிகழ்வுப் பட்டியல் தயாரிக்கிறோம். எக்செல்லில் போட்டால் பழைய ஆண்டுகள் சரியாக வரிசைப்படவில்லை. என்ன செய்வது? (நூலக வாசகர் வட்டத்தினர்)

பதில்: எக்செல் 1900 ஜனவரி 1-க்கு முந்தைய எதையும் தேதியாக ஏற்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். அதனால்தான் வரிசை குலைகிறது. இல்லாத 1900 பிப்ரவரி 29-ஐ இருப்பதாக வேறு கணக்கில் வைத்திருக்கிறது. எனவே ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனிப் பத்திகளில் எண்களாகவே இடுங்கள். மாதம், பிறகு நாள், பிறகு ஆண்டு என்று வரிசைப்படுத்துங்கள். 4/7 என்று எழுதினால் ஜூலை 4-ஆ, ஏப்ரல் 7-ஆ என்ற சண்டையும் இதில் தீர்ந்துவிடும். கூடவே மூன்று பத்திகள்: எந்த நாட்காட்டி, எந்த ஊர் நேரம், நிகழ்வின் எந்தக் கட்டம் (தீர்மானமா, கையெழுத்தா, நடைமுறையா).

இன்னொரு பத்தி கிழமைக்கு. மூல நூலில் கிழமை கொடுத்திருந்தால் தேதியைச் சரிபார்க்க அதைவிட நல்ல கருவி இல்லை. ஆண்டின் கடைசி இரு இலக்கம், அதன் கால் பங்கு (மீதியை விட்டுவிடுங்கள்), தேதி, மாத எண் நான்கையும் கூட்டுங்கள். ஜனவரி முதல் டிசம்பர் வரை மாத எண்கள் வரிசையாக 1, 4, 4, 0, 2, 5, 0, 3, 6, 1, 4, 6. 1700-களுக்கு 4, 1800-களுக்கு 2, 2000-களுக்கு 6 சேர்க்கவும். 1900-களுக்கு ஒன்றும் வேண்டாம். லீப் ஆண்டின் ஜனவரி, பிப்ரவரி என்றால் 1 கழிக்கவும். 7-ஆல் வகுத்து வரும் மீதி 1 என்றால் ஞாயிறு, 2 திங்கள், இப்படியே போய் 0 என்றால் சனி. 1947 ஆகஸ்ட் 15-க்கு 47, 11, 15, 3 கூட்டினால் 76; மீதி 6; வெள்ளி. 1948 ஜனவரி 30-க்கு 48, 12, 30, 1 கூட்டி 1 கழித்தால் 90, மீதி 6, அதுவும் வெள்ளி. இது கிரிகோரியன் தேதிகளுக்கு மட்டும். மூல நூல் சொல்லும் கிழமையும் உங்கள் விடையும் பொருந்தாவிட்டால், பழைய நாட்காட்டித் தேதியா என்று முதலில் பாருங்கள். அது இல்லையென்றால் அச்சுப் பிழையைத் தேடுங்கள்.